அணையா அடுப்புக் கண்ட அறிஞர்

நெருப்பு மனிதனுக்கு இரண்டு பெரும் பணிகளைச் செய்கின்றது. இருளைப் போக்குவது ஒன்று. உணவைச் சமைத்துத் தருவது மற்றொன்று. விளக்கும் அடுப்பும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள் எனலாம். ஆயினும், பன்னூறு ஆண்டுகளாக இவ்விரண்டிலும் நெருப்பின் பெரும்பகுதி பயனின்றியே எரிந்து வந்தது. ஞாயிறு காயும் பகலில் எரியும் விளக்கால் எவர்க்கும் நன்மை இல்லை. புகைபோக்கியின் வழியே வானத்திற்குச் செல்லும் வெப்பத்தால் ஒரு குவளை நீரும் சூடேறுவதில்லை. இங்ஙனம் நெருப்பு வீணாவதைக் கண்டு பொறாதவர் ஒருவர் சுவீடன் நாட்டில் வாழ்ந்தார். கடலில் எரியும் விளக்கை அவர் முதலில் சீர்ப்படுத்தினார். தம் கண்ணொளியை இழந்த பின்னர், வீட்டில் எரியும் அடுப்பைச் சீர்ப்படுத்தினார். குஸ்டாவ் டாலேன் என்பது அவர் பெயர்.

டாலேன் 1869ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 30ஆம் நாள், சுவீடனின் தென்பகுதியிலுள்ள ஸ்டென்ஸ்டார்ப் என்னும் சிற்றூரில் பிறந்தார். அவர்தம் பெற்றோர் உழவர் குடியினர்; நிலமும் கறவை மாடுகளும் உடையவர். பள்ளிப் பாடங்களில் குஸ்டாவ் பெரிதும் சிறந்து விளங்கியதாகத் தெரியவில்லை. ஆனால், உடைந்த பொறி எதுவாயினும் அதனைக் கையில் எடுத்துவிட்டால், அதன் உள்ளமைப்பை அறியாமல் கீழே வைக்கமாட்டார். பழைய இராட்டை ஒன்றைக்கொண்டு அவரை உரிக்கும் கருவி ஒன்றை அவர் இளமையிலேயே அமைத்தார் என்பர். சுவர்க் கடிகாரத்தோடு சில கம்பிகளைப் பிணைத்து, குறித்த நேரத்தில் விளக்கேற்றிக் காப்பியைச் சூடாக்கும் ஓர் ஏற்பாட்டையும் செய்திருந்தாராம். படுக்கையினின்று எழுவதற்குச் சோம்பியே அதனைச் செய்தார் என்று ஊரார் நகைத்திருக்கலாம். ஆனால், மனிதன் அருகில் இல்லாதபோதும் தானே இயங்கும் நெருப்பு என்னும் எண்ணம் அந்தச் சிறுவனின் உள்ளத்தில் அப்பொழுதே முளைவிட்டிருந்தது.

வளர்ந்தபின் குடும்பப் பண்ணையை அவரே நடத்தினார். பால் விற்பனை அதில் முதன்மையான வருவாய். அந்நாளில் பாலின் தரத்தை அதிலுள்ள கொழுப்பைக் கொண்டு மதித்தனர். கொழுப்பின் அளவைக் கண்டறிவதற்கு எளிய கருவி ஒன்றை டாலேன் அமைத்தார். 1892ஆம் ஆண்டில் அதனை எடுத்துக்கொண்டு தலைநகராகிய ஸ்டாக்ஹோமுக்குச் சென்று, குஸ்டாவ் டி லாவல் என்னும் புகழ்பெற்ற பொறியியல் அறிஞரைக் கண்டார். பாலினின்று பாலேட்டைப் பிரிக்கும் பொறியையும், நீராவிச் சுழலி ஒன்றையும் உலகிற்கு அளித்தவர் டி லாவல். அவரும் அதே வகையான கருவி ஒன்றை அப்பொழுது உருவாக்கியிருந்தார். நாட்டுப்புறத்து இளைஞர் ஒருவர், முறையான கல்வி இன்றியே, தம்மைப்போல் எண்ணியிருப்பதைக் கண்டு அவர் வியந்தார். முதலில் பொறியியற் கல்வியைக் கற்றுத் தேறுமாறு அறிவுரை கூறினார்.

டாலேன் அந்த அறிவுரையை ஏற்றார். பண்ணை வாழ்வை விடுத்து, கோட்டன்பர்க் நகரிலுள்ள சால்மர்ஸ் கல்லூரியில் சேர்ந்து 1896ஆம் ஆண்டில் பொறியியல் பட்டம் பெற்றார். பின்னர் ஓராண்டு சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில், ஸ்டோடோலா என்னும் பேராசிரியரிடம் பயின்றார். தாய்நாடு திரும்பிச் சில ஆண்டுகள் சுழலிகளையும் காற்றழுத்தக் கருவிகளையும் ஆராய்ந்தார். 1901ஆம் ஆண்டில் எல்மா என்னும் நங்கையை மணந்தார். இந்த அம்மையாரை மாணவர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். அடுப்பின் கதையில் அவருக்கும் பங்கு உண்டு.

சுவீடனின் கடற்கரை நீண்டது. பாறைகளும் எண்ணற்ற சிறு தீவுகளும் நிறைந்தது. குளிர்காலத்தில் அங்கே இரவு நெடியது. கப்பல்கள் பாறையில் மோதாமற் செல்ல வேண்டுமாயின், தீவுதோறும் விளக்கு வேண்டும். ஆனால், ஒவ்வொரு விளக்கிற்கும் ஒரு காவலரை அமர்த்தி, அவருக்கு உணவும் எண்ணெயும் படகில் அனுப்பிக்கொண்டிருப்பது எளிதன்று. ஆகவே பல இடங்கள் விளக்கின்றியே கிடந்தன.

அந்நாளில் அசிட்டிலீன் என்னும் வாயு புதிதாக வழக்கிற்கு வந்தது. கால்சியம் கார்பைடு என்னும் பொருளின்மீது நீர் படும்போது இவ்வாயு தோன்றும். அது எரியும்போது வெண்மையான பேரொளி உண்டாகும். ஆனால், அதனை அழுத்தி ஒரு கலத்தில் அடைத்தால், சிறு அதிர்ச்சியிலும் வெடித்துவிடும். அசிட்டோன் என்னும் நீர்மத்தில் இவ்வாயு மிகுதியாகக் கரைகின்றது என்பதைப் பிரெஞ்சு அறிஞர் இருவர் முன்னரே கண்டிருந்தனர். எனினும் கலத்தில் சிறிதளவு வெற்றிடம் இருப்பினும் வெடிக்கும் இடர் நீங்கவில்லை. டாலேன் கல்நார், சிமிட்டி, கரி முதலியவற்றைச் சேர்த்து, கடற்பஞ்சுபோல் நுண்துளைகள் நிறைந்த ஒரு பொருளை ஆக்கினார். கலத்தை அப்பொருளால் நிரப்பி, அதில் அசிட்டோனை ஊறச்செய்து, அதனுள் வாயுவைக் கரைத்தார். இப்பொழுது கலத்தைப் படகில் ஏற்றி, அலையில் குலுங்கக் குலுங்க எடுத்துச் செல்லலாம். கல்நார் மூச்சுப்பைக்குக் கொடிய தீங்கு விளைப்பது என்பது உலகிற்குத் தெளிவானது அதற்கு நெடுங்காலத்திற்குப் பின்னரே.

வாயு விலைமிக்கது. அதனை இரவு முழுவதும் எரியவிடுதல் கூடாது என்று டாலேன் எண்ணினார். விளக்கு இடைவிடாது எரிய வேண்டிய தேவையும் இல்லை. மின்மினிபோல் விட்டுவிட்டு ஒளிர்ந்தாலே மாலுமி அதனை எளிதில் கண்டுகொள்வான். ஒவ்வொரு விளக்கும் தனக்கென ஒரு தாளத்தில் ஒளிருமாயின், இன்ன இடம் இது என்றும் அறிந்துகொள்வான். 1905ஆம் ஆண்டில் டாலேன் அமைத்த கருவியில் ஒரு சிறு அறை இருந்தது. வாயு அதில் மெல்ல நிறையும். நிறைந்ததும் தோலாலான மூடி மேலெழுந்து வாயிலைத் திறக்கும். வாயு ஒரே மூச்சில் வெளியேறி, அருகே எரியும் சிறு சுடரால் பற்றிக்கொண்டு ஒளிவீசும். மறுகணம் வாயில் மூடிக்கொள்ளும். ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு ஒளியும் எஞ்சிய ஒன்பது பங்கு இருளுமாக இயங்கும் விளக்கில், பத்தில் ஒன்பது பங்கு வாயு மிச்சமாயிற்று.

அத்துடன் அவர் மனம் நிறைவடையவில்லை. இரவில் மிச்சப்படுத்தியாயிற்று, பகலில் எரிவதை என் செய்வது? விளக்கை அணைக்க ஆள் இல்லாத தீவில், ஞாயிறே வந்து அணைத்தாலன்றி வேறு வழியில்லை. 1907ஆம் ஆண்டில் டாலேன் கண்ட 'ஞாயிற்று வால்வு' அதனையே செய்தது. அதில் நான்கு உலோகக் கோல்கள் இருந்தன. நடுவிலுள்ளது கரி பூசப்பெற்றது. அதனைச் சூழ்ந்த மூன்றும் பளபளப்பாக மெருகிடப்பெற்றவை. விடியும்போது கருங்கோல் ஒளியை ஏற்றுச் சிறிது வெப்பமடைந்து நீள்கின்றது. மெருகிட்ட கோல்கள் ஒளியைத் திருப்பி எறிந்துவிடுவதால் அத்துணை நீள்வதில்லை. அந்த மயிரிழை வேறுபாடே ஒரு நெம்புகோலை அழுத்தி வாயுவை நிறுத்திவிடுகின்றது. மாலையில் ஒளி மங்கும்போது கருங்கோல் சுருங்குகின்றது, வாயு வருகின்றது, சிறு சுடர் பற்றவைக்கின்றது. சக்கரம் இல்லை, வில் இல்லை, கடிகாரமும் இல்லை. இத்துணை எளிய பொருளால் இது நடக்குமா என்று ஐயுற்றவர் பலர். ஆனால், நடந்தது. ஒருமுறை நிரப்பிய கலங்கள் ஓராண்டுக்காலம் ஆளின்றி விளக்கெரிக்கும் நிலை உண்டாயிற்று.

டாலேன் பணியாற்றிய நிறுவனம் 1909ஆம் ஆண்டில் புதிதாக அமைக்கப்பட்டபோது, அதன் தலைமை இயக்குநர் பொறுப்பு அவரிடம் வந்தது. அந்நிறுவனத்தின் நீண்ட பெயரின் முதலெழுத்துக்களைச் சேர்த்து 'ஆகா' என அழைத்தனர். தமிழர் செவிக்கு அது வியப்பொலிபோல் கேட்பது தற்செயலே. அதன் விளக்குகள் பல நாட்டுக் கடற்கரைகளுக்குச் சென்றன. 1914ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட பனாமாக் கால்வாயின் வழிவிளக்குகளிலும் அதன் கருவிகள் இடம்பெற்றன.

புகழ் இவ்வாறு பெருகிவந்த காலத்திலேயே பெருந்துன்பம் நேர்ந்தது. வாயுக் கலங்கள் தீயில் அகப்பட்டால் என்னாகும் என்பதை அறிவது இன்றியமையாதது. கிடங்கில் தீப்பற்றினாலும் கப்பலில் தீப்பற்றினாலும் பிறருடைய உயிர் அக்கலத்தின் உறுதியைப் பொறுத்தே இருக்கும். அதனை ஆராய்வதற்காக, 1912ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில், ஊருக்குப் புறம்பே திறந்த வெளியில் கலங்களைத் தீயிலிட்டுச் சூடேற்றி ஆராய்ந்தனர். தலைமை இயக்குநராயினும் டாலேன் இத்தகைய இடர்மிக்க ஆய்வைப் பிறரிடம் விட்டுவிட்டு அலுவலகத்தில் அமர்ந்திருப்பவர் அல்லர். அவர் கலத்தின் அருகே சென்றபோது அது வெடித்தது. உடலெங்கும் கடுமையான காயங்கள், முகம் தீய்ந்தது. அவருடைய தமையனார் ஆல்பின் டாலேன் கண் மருத்துவத்தில் பேரறிஞர். உடன்பிறந்தவரின் கண்ணொளியைக் காக்க அவருடைய மருத்துவமும் உதவவில்லை. உயிர் பிழைத்தது, பார்வை மீளவில்லை. அப்பொழுது டாலேனுக்கு வயது நாற்பத்து மூன்றுகூட நிரம்பவில்லை.

அவ்வாண்டே இயற்பியலுக்குரிய நோபெல் பரிசு அவருக்கு வழங்கப்பட்டது. கலங்கரை விளக்குகளும் மிதவை விளக்குகளும் தாமே இயங்குமாறு செய்த கருவிகளுக்காக அப்பரிசு அளிக்கப்பட்டது. டிசம்பர் 10ஆம் நாள் நடந்த விழாவில் டாலேனால் கலந்துகொள்ள இயலவில்லை. தமையனார் ஆல்பினே அவருக்காகப் பரிசைப் பெற்றுக்கொண்டார். ஆயிரமாயிரம் மாலுமிகளுக்கு இருளில் வழிகாட்டிய ஒளியைப் படைத்தவர், அந்த ஒளிக்காகப் பரிசு பெற்ற நாளில், பகலையும் இரவையும் வேறுபடுத்தி அறிய இயலாதவராய் இருந்தார்.

இவ்வளவில் பணியினின்று ஓய்வுபெற்றிருந்தாலும் உலகம் அவரைக் குறை கூறியிராது. அவரோ நலம்பெற்றதும் நிறுவனத்தின் தலைமையை மீண்டும் ஏற்றார். அதன்பின் ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகள் அதனை நடத்தினார். வரைபடங்களைக் கண்ணால் காண இயலாத பொறியியலார், அவற்றைப் பிறர் விளக்கக் கேட்டு மனத்திலேயே அமைத்துப் பார்த்தார். கருவிகளின் உறுப்புகளை விரல்களால் தடவி அறிந்தார்.

கண்ணொளி இருந்தபோது தொழிற்கூடத்தில் கழிந்த நாள்களில் பல, இப்பொழுது ஸ்டாக்ஹோமை அடுத்த லீடிங்யோ என்னும் தீவிலிருந்த வீட்டில் கழிந்தன. அங்கே அவர் ஒன்றை அறிந்தார். எல்மா அம்மையார் நாள் முழுவதும் அடுப்பிற்கு ஏவல் செய்துகொண்டிருந்தார். அடுப்பில் கரி இட வேண்டும். சாம்பலை வார வேண்டும். நெருப்பு மிகுந்தால் அடக்க வேண்டும். தணிந்தால் தூண்ட வேண்டும். சற்றே மறந்தால் ரொட்டி கருகும். அல்லது இறைச்சி வேகாமற் கிடக்கும். இத்துணை உழைப்பையும் பெற்றுக்கொண்டு, அடுப்பு தன் வெப்பத்தில் பெரும்பகுதியைப் புகைபோக்கிக்கே கொடுத்துவிட்டது. கண்ணுடையவர் பலர் நூற்றாண்டுகளாகக் கண்டும் காணாதிருந்த குறையைக் கண்ணிழந்தவர் கண்டார். ரம்போர்டு பெருமகனார் போன்ற அறிஞர் ஓரிருவர் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலேயே சமையலறையில் எரிபொருள் வீணாவதைக் கண்டித்து அடுப்பைத் திருத்த முயன்றதுண்டு. எனினும், அடுப்பு ஓர் அறிவியற் பொருள் என்று எண்ணியவர் மிகச் சிலரே.

டாலேன் இந்தச் சிக்கலை அணுகிய முறை கருதத்தக்கது. பகலில் விளக்கை அணைத்தவர் அவர். ஆகவே அடுப்பையும் வேண்டாதபோது அணைக்கும் கருவி ஒன்றை அமைப்பார் என்றே எவரும் எதிர்பார்ப்பர். அவர் செய்ததோ அதற்கு நேர்மாறானது. இரவும் பகலும் அணையாமல் எரியும் அடுப்பை அவர் அமைத்தார்! இது முரண்பாடு அன்று. ஒளியைத் தேக்கிவைக்க இயலாது. எரிந்த கணத்தில் பயன்படாத ஒளி என்றென்றும் இழந்த ஒளியே. வெப்பமோ தேக்கிவைக்கத் தக்கது. நல்ல மூடியிட்டுப் பாதுகாத்தால் அது நெடுநேரம் தங்கும். மெல்லிய ஊற்று இரவெல்லாம் ஊறிக் கிணற்றை நிரப்பிவிடுகின்றது. காலையில் எத்தனை குடம் வேண்டுமாயினும் முகந்துகொள்ளலாம். அதுபோலவே, சிறு நெருப்பொன்று இடைவிடாது எரிந்து, பெரிய இரும்புத் திணிவில் வெப்பத்தை நிரப்புமாயின், சமைக்கும் வேளையில் வேண்டிய அளவு எடுத்துக்கொள்ளலாம் அன்றோ? இந்த எண்ணத்தின் அடிப்படையில் 1922ஆம் ஆண்டில் அவர் படைத்ததே 'ஆகா' அடுப்பு.

அதன் உடல் கனத்த வார்ப்பிரும்பால் ஆனது. இரண்டு சூட்டறைகளை உடைய அடுப்பு ஏறத்தாழ நானூறு கிலோ எடை உடையது. உள்ளே சிறியதொரு நெருப்பறை உண்டு. அதன் வெப்பம் இரும்பின் வழியே கடத்தப்பட்டு அடுப்பின் எல்லாப் பகுதிகளுக்கும் செல்கின்றது. நெருப்பிற்கு அணித்தான பகுதி மிகுந்த வெப்பமும் சேய்மையிலுள்ள பகுதி குறைந்த வெப்பமும் பெறுமாறு இரும்பின் கனமும் இடமும் கணக்கிட்டு அமைக்கப்பட்டுள்ளன. ஆதலின் மேற்புறத்தில் ஒரு தட்டு நீரைக் கொதிக்க வைக்கும். மற்றொரு தட்டு மெல்லக் காய்ச்சும். சூட்டறைகளுள் ஒன்று ரொட்டி சுடவும் இறைச்சி வாட்டவும் உதவும். மற்றொன்று மணிக்கணக்காக மெல்ல வேகவைக்கும். சமைப்பவர் நெருப்பைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டுவதில்லை. பாத்திரத்தை ஓரிடத்தினின்று மற்றோரிடத்திற்கு மாற்றினாலே போதும்.

இரும்பிற்கும் வெளிக்கூட்டிற்கும் இடையே, கீசல்கர் எனப்படும் வெண்மையான மண்ணைப் பொதிந்தனர். பண்டைக்காலத்து நுண்ணுயிர்ப் பாசிகளின் ஓடுகள் நீரடியில் படிந்து உண்டானது இம்மண். அதன் நுண்துளைகளில் காற்று தங்கியிருப்பதால் வெப்பம் எளிதில் வெளியேறாது. தட்டுகளின் மேலே கனத்த மூடிகள் அமைக்கப்பட்டன. மூடியைத் திறந்தால் வெப்பம் ஆயத்தமாக இருக்கும். மூடினால் மீண்டும் சேரத் தொடங்கும். நெருப்பறைக்குள் செல்லும் காற்றை வெப்பநிலைச் சீராக்கி ஒன்று கட்டுப்படுத்தியது. இரும்பு மிகுதியாகச் சூடேறினால் காற்றுவாயில் குறுகும், குளிர்ந்தால் விரியும். உலோகம் நீள்வதும் சுருங்குவதுமாகிய அதே சிறு செயல்தான் கடலில் விளக்கை ஆண்டது; இங்கே அடுப்பை ஆண்டது. நாளுக்கு ஓரிருமுறை கற்கரியை இட்டுச் சாம்பலை அகற்றினாற் போதும். ஓராண்டில் இன்ன அளவிற்கு மேல் எரிபொருள் செலவாகாது என்று விற்பனையாளர் உறுதிமொழியே அளித்தனர். வேறு அடுப்பை விற்றவர் எவரும் அங்ஙனம் சொல்லத் துணியவில்லை.

1929ஆம் ஆண்டில் இவ்வடுப்பு இங்கிலாந்துக்குச் சென்றது. குளிர்மிக்க அந்நாட்டுப் பண்ணை வீடுகளில் அதற்குப் பெருவரவேற்புக் கிடைத்தது. சமையல் முடிந்த பின்னரும் அடுப்பங்கரை வெதுவெதுப்பாக இருந்ததே அதற்கொரு காரணம். வீடு வீடாகச் சென்று இதனை விற்ற இளைஞருள் ஒருவர் டேவிட் ஒகில்வி. அவர் 1935ஆம் ஆண்டில் தம்மையொத்த விற்பனையாளர்க்காக ஒரு கையேடு எழுதினார். பின்னாளில் விளம்பரத் துறையில் உலகப்புகழ் பெற்றவர் அவரே. ஆனால், அடுப்பின் விலை எளியோர்க்கு எட்டாததாகவே இருந்தது. எல்மா அம்மையாரைப் போல் அடுப்போடு போராடிய உழைப்பாளர் குடும்பத்துப் பெண்டிர் பலர்க்கு இந்தக் கண்டுபிடிப்பின் பயன் கிட்டவில்லை என்பதையும் மறைத்தற்கில்லை.

டாலேன் 1937ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 9ஆம் நாள் லீடிங்யோவில் மறைந்தார். நோபெல் விழாவின் இருபத்தைந்தாம் ஆண்டு நிறைவிற்கு ஒருநாளே எஞ்சியிருந்தது.

அவர் அமைத்த அடுப்பு கற்கரியும் நிலக்கரியும் உண்டது. அவர் மறைந்து இருபது ஆண்டுகளுக்குப் பின்னர், வீடுகளில் கரியின் வழக்கம் குறையலாயிற்று. இரும்புத் திணிவையும் கீசல்கரையும் மூடிகளையும் அவ்வாறே வைத்துக்கொண்டு, நெருப்பறையில் மட்டும் மாற்றம் செய்தனர். எண்ணெயால் எரிவனவும், வாயுவால் எரிவனவும், பின்னர் மின்சாரத்தால் இயங்குவனவும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. வாயுக்குழாய் செல்லாத நாட்டுப்புறத்து வீட்டார் முன்னே, எண்ணெயா மின்சாரமா என்னும் வினா எழுந்தது.

எண்ணெய் அடுப்பிற்கு வீட்டின் புறத்தே ஒரு தொட்டி வேண்டும், புகைபோக்கியும் வேண்டும். தொட்டியிலிருந்து மண்ணெண்ணெய் துளித்துளியாக இறங்கி, சூடான வட்ட வடிவ எரிகலத்தில் ஆவியாகி எரியும். அதன் திரிகளிலும் குழாய்வாயிலும் கரி படியும் ஆதலால், ஆண்டிற்கு இருமுறையேனும் தூய்மை செய்யவேண்டும். ஆயினும் அதற்கொரு தனிச்சிறப்பு உண்டு. எண்ணெய் தானே இறங்கி எரியும் பழைய வகை அடுப்பு, புயலால் மின்கம்பி அறுந்துவிட்ட இரவிலும் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும். தனித்திருக்கும் பண்ணை வீட்டார்க்கு இது சிறிய நன்மையன்று.

மின்னடுப்பிற்குத் தொட்டி இல்லை, சாம்பல் இல்லை, திரி இல்லை. மின்சாரம் நின்றுவிட்டாலும் இரும்பில் தேங்கிய வெப்பம் சில மணி நேரம் தாங்கும், அதன்பின் குளிர்ந்துவிடும். செலவைக் கணக்கிடுவோர் ஒரு செய்தியை நோக்குதல் வேண்டும். இரண்டு சூட்டறை உடைய மரபுவகை எண்ணெய் அடுப்பு வாரத்திற்கு ஏறத்தாழ 40 லிட்டர் எண்ணெயை எரிக்கும். ஒரு லிட்டர் மண்ணெண்ணெயில் ஏறத்தாழ 10 மின்னலகிற்கு ஈடான வெப்பம் உள்ளது. ஆகவே வாரத்திற்கு 400 அலகு வெப்பம் செலவாகின்றது. அதே அளவுள்ள மின்னடுப்பிற்கு ஏறத்தாழ 220 அலகு போதும். எஞ்சிய வெப்பம் எங்கே சென்றது? அதில் பெரும்பகுதி புகைபோக்கி வழியே வானத்திற்குச் சென்றது. எனினும் இத்துடன் கணக்கு முடிந்துவிடவில்லை. கரியை எரித்து மின்சாரம் ஆக்கும் நிலையங்களில், கரியின் வெப்பத்தில் மூன்றில் இரு பங்களவு அங்கேயே வீணாகின்றது. வீட்டுக் கூரைமேல் போகாத வெப்பம் மின்னிலையத்தில் போய்விடுகின்றது! அருவி நீரால் மின்சாரம் பெறும் நாட்டில் இக்குறை இல்லை. எனவே, எந்த அடுப்பு சிறந்தது என்பதற்கு எல்லா ஊருக்கும் பொருந்தும் ஒரே விடை கிடையாது. அவ்வூரில் மின்சாரம் எதனால் பிறக்கின்றது, எந்த நேரத்தில் அதன் விலை குறைகின்றது, எண்ணெய் வண்டி அவ்வழி வருமா என்பவற்றையெல்லாம் பார்த்தே முடிவு கூற வேண்டும். இரவில் மின்கட்டணம் குறைவாக உள்ள நாடுகளில், இரவெல்லாம் வெப்பத்தைத் தேக்கிப் பகலில் வழங்கும் வகையும் செய்யப்பட்டது. கிணறு ஊறும் உவமை அங்கே முழுதும் பொருந்திவிட்டது.

இத்தனை மாற்றங்களுக்குப் பிறகும் ஒரு குறை நீங்காமல் இருந்தது. எவ்வளவு பொதிந்து வைத்தாலும் வெப்பம் சிறிது சிறிதாகக் கசிந்துகொண்டே இருக்கும். குளிர்காலத்தில் அது வீட்டைச் சூடாக்கும். கோடையிலோ சமையலறையில் நிற்க இயலாதபடி செய்யும். அதனால் கோடைக்காலம் முழுவதும் அணையா அடுப்பை அணைத்துவைத்து, வேறு சிறிய அடுப்பில் சமைத்த குடும்பங்கள் பல. எரிபொருளின் விலை ஏறிய காலங்களில், ஒருவர் இருவரே உள்ள வீட்டில் நாள் முழுதும் நானூறு கிலோ இரும்பைச் சூடாக வைத்திருப்பது தகுமா என்று கேட்டவர்களும் உண்டு. அக்கேள்வி நேர்மையானதே. டாலேன் காலத்து வீட்டில் மூன்று வேளையும் சமையல் நடந்தது.  அந்த வீட்டிற்கென்று அமைத்த அடுப்பு, வாழ்க்கை மாறிய வீட்டிற்கு முழுதும் பொருந்தாமற் போனது இயல்பே. பிற்காலத்து மின்னடுப்புகளில், ஒவ்வொரு தட்டையும் சூட்டறையையும் வேண்டும்போது மட்டும் சூடேற்றி, வேண்டாதபோது நிறுத்தும் அமைப்பு வந்தது. எண்ணெய் அடுப்பில் இதனை அத்துணை எளிதாகச் செய்ய இயலாது. கடல்விளக்கில் டாலேன் செய்ததை, அவருடைய அடுப்பில் மின்சாரம் செய்யத் தொடங்கியது எனலாம்.

மின்சாரம் விளக்கிற்கும் வந்து சேர்ந்தது. ஸ்டாக்ஹோம் துறைமுகத்தின் நுழைவாயிலில் பிளாக்ஹுசுடன் என்னும் இடத்தில் ஒரு கலங்கரை விளக்கம் உண்டு. டாலேன் பார்வை இழந்த 1912ஆம் ஆண்டில் அங்கே ஒரு ஞாயிற்று வால்வு பொருத்தப்பட்டது. காலையில் விளக்கை அணைத்தும் மாலையில் ஏற்றியும் அது பணியாற்றி வந்தது. 1980ஆம் ஆண்டில் அவ்விளக்கம் மின்விளக்காக மாற்றப்பட்டபோதுதான் அந்தக் கருங்கோலுக்கு ஓய்வு கிடைத்தது.